அம்மனுக்குத் தமிழ் கற்பித்த ஆடி மாதம்

"மாதா தமிழ்ல வந்தா எப்படிப் பேசும்? சொல்லிக்குடு, பேட்டி."

புஷ்பம் மௌசி என்னிடம் இப்படிக் கேட்டது 1965ஆம் வருஷம், ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில், எங்கள் வீட்டுப் பின்வாசலில். பால் ஊற்றிவிட்டுக் காலிச் செம்போடு நின்றிருந்தார். மாதா என்று அவர் சொன்னது ஷாதிபூர் மேட்டு மாரியம்மனை, பேட்டி என்றது மகளே என்று; மௌசி என்றால் ஹிந்தியில் சித்தி.

அம்மன் அதுவரை பேசியது ஹிந்தியில். அதுதான் சிக்கல்.

மௌசியின் தாத்தா மெட்ராஸ் பக்கத்திலிருந்து கைதியாகக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர். பாட்டி வடக்கே எங்கிருந்தோ வந்த கைதி. தண்டனை முடிந்து இங்கேயே நிலம் வாங்கிக் குடும்பமானார்கள். வீட்டுப் பேச்சு ஹிந்தி. கும்பிட்டது தாத்தாவின் மாரியம்மனை. மேட்டில் ஒரு சூலம் நட்டுத் தகரக் கூரை போட்டதும் அந்தத் தாத்தாதான். ஜப்பான்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த பஞ்ச காலத்தில் மௌசிக்குப் பதினேழு வயது. அப்போதுதான் முதல் தடவை அம்மன் அவர் மேல் இறங்கியது. ஹிந்தியில் பேசியது. அங்கே கூடியிருந்த யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. அவர்களுக்கு வேறு மொழி இருந்தால்தானே?

பிறகு நாங்கள் வந்தோம். என் அப்பா ஜம்புலிங்கம் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், கப்பல் பட்டறையில் பாரம் தூக்கும் கலாசி. தஞ்சாவூர்க்காரர்கள், சேலத்துக்காரர்கள், மதுரைக்காரர்கள் என்று வருஷா வருஷம் ஆள் கூடியது. கோயிலும் கூடவே வளர்ந்தது. தகரக் கூரை போய் சிமெண்ட் வந்தது. சூலத்துக்குப் பின்னால் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த கருங்கல் அம்மன் உட்கார்ந்தாள். இதையெல்லாம் செய்தது உதயசூரியன் சார். அதை மறைக்கக் கூடாது. மரைன் ஹில்லில் இருந்த காண்ட்ராக்டர் அவர். சிமெண்ட் மூட்டையைத் தன் தோளிலேயே மேட்டுக்குச் சுமந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். உதயசூரியன் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல, அவராக வைத்துக்கொண்டது. மெட்ராஸில் இருந்தவரை கோயில் வாசலை மிதிக்காதவர். தீவுக்கு வந்த பிறகு, தமிழர்களை ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்தக் கோயிலை விட்டால் வேறு வழியில்லை என்று கண்டுகொண்டார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

அந்த வருஷம் தை மாதத்தில் மெட்ராஸில் ஹிந்தி எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள், பையன்கள் செத்தார்கள் என்று கப்பலில் வந்த பத்திரிகைகளில் இருந்தது. உதயசூரியன் சார் அந்தப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்குத் தமிழ் படிக்க வந்தது அந்தக் காகிதங்களால்தான்.

ஆடி முதல் ஞாயிறன்று கமிட்டி கூடியது. உதயசூரியன் சார் எழுந்து நின்று சொன்னார்:

"நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஹிந்தி. கடையில ஹிந்தி. தூக்கத்துல உளர்றதும் ஹிந்தி. நமக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு மேடு. இங்கயும் தாய் வந்து ஹிந்தியில பேசினா, பத்து வருஷத்துல நாம யாருன்னு நமக்கே தெரியாமப் போயிடும். அதனால இந்த ஆடியிலிருந்து உத்தரவு தமிழ்ல வந்தாத்தான் உத்தரவு."

உத்தரவு என்றால் கரகத்துக்கான உத்தரவு. மூன்றாம் வெள்ளியன்று கடற்கரையில் கரகம் ஜோடிப்பார்கள். அம்மன் ஒருவர் மேல் இறங்கி, எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குடம் தரையை விட்டு எழும்பும். இருபத்துமூன்று வருஷமாக அம்மன் இறங்கியது புஷ்பம் மௌசி மேல். கரகம் ஏறியது அவர் தலையில்.

"தமிழ்ல வரலைன்னா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"என் வீட்டம்மா விரதம் இருக்கா. அவ எடுப்பா."

அவர் மனைவி ஜெயலட்சுமி அக்கா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரதம் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியும் போல நிமிர்ந்து பார்த்தார்.

ஜெயலட்சுமி அக்கா தீவுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். யாரோடும் பேசமாட்டார், அழவும் மாட்டார். போன ஆடியில் கரகம் மேட்டுக்கு வந்தபோது, புஷ்பம் மௌசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக அவரிடம் போய், தலையில் கை வைத்து, "தக் கயீ, பேட்டி. பைட் ஜா" என்றார். ஒரு சொல் ஹிந்தி தெரியாத ஜெயலட்சுமி அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். விளக்கு வைக்கும்வரை அழுதார். நாலு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, அம்மன் என்ன சொன்னது என்று கேட்டார். "களைச்சுப் போயிட்டே மகளே, உக்காரு" என்றேன். பெரிதாக ஏதோ சொல்லியிருக்கும் என்று நினைத்திருப்பார், ஏமாந்துபோவாரோ என்று பயந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அப்படித்தான் கேட்டுச்சு எனக்கும்" என்றார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு சரியில்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் நான் இல்லை. எழுதுகிற ஆள். மௌசி பின்வாசலில் வந்து கேட்டதும் சரி என்றேன்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமே மௌசி, அதையே பேசலாமே?"

"அரே, எனக்குத் தெரிஞ்சது பால் தமிழ். அரை சேர், ஒரு சேர், நாளைக்கு வரமாட்டேன். மாதா பால் விக்குமா?"

நோட்டை எடுத்து எழுதினேன். எனக்குத் தெரிந்த தமிழ் பத்திரிகைத் தமிழ். அம்மனுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது இது: "அன்பார்ந்த என் மக்களே! நான் உங்கள் முன் தோன்றியிருக்கிறேன். உங்கள் இன்னல்கள் யாவும் நீங்கும் நாள் தொலைவில் இல்லை."

மௌசி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது எலெக்‌ஷன் மீட்டிங் மாதிரி இருக்கே, பேட்டி. முடிஞ்சதும் ஓட்டு கேக்கணுமா?"

உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அம்மா ருக்குவுக்கு ஒளித்து வைக்கத் தெரியாது. அவளிடமிருந்தும் எதையும் ஒளிக்க முடியாது.

"என்னடி எழுதிக் குடுக்கிறே? சாமி இம்புட்டு மரியாதையா பேசுமா? எங்க ஊர்ல மாரி வந்தான்னா கலெக்டரே நின்னாலும் டேய்தான்." அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். செதில் ஒட்டிய கையை மேலே தூக்கினாள். "அடேய் மக்கா! ஆரு வந்திருக்கான்னு நெனச்சீங்கடா! ஏழு கடலுக்கு அந்தாண்ட வந்தா மறந்துபுடுவீகளோ! மாரிடா! மகமாயிடா!"

கூரையிலிருந்து காக்கைகள் பறந்தன. மௌசி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இவ்வளவு கோபமா?" என்றார். "எங்க மாதா இப்படித் திட்டாதே. பேட்டான்னுதான் கூப்பிடும்."

"தமிழ்ல வந்தா திட்டும்க்கா. திட்டுனாத்தேன் நம்புவாக."

பன்னிரண்டு நாள் நடந்தது இந்தப் பாடம். அம்மா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். மௌசிக்குத் தமிழ் எழுத்து தெரியாது; நான் வாசிக்க, அவர் சொல்லிப் பழகுவார். பால் கறக்கும்போதும் சொல்லிப் பார்த்ததில் மாடு மிரண்டு உதைத்துவிட்டது என்று ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியை மட்டும் நானே எழுதினேன். கரகம் யார் எடுக்க வேண்டும் என்று கேட்டால் சொல்ல வேண்டியது: "என் மகள் புஷ்பம் இருக்க வேற ஆருடா!"

அந்த வரியை மட்டும் மௌசி ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. "அது வரும், வரும்" என்பார்.

ஒரு தடவை நான் கேட்டேன். "உண்மையா வரும்போது எப்படி இருக்கும் மௌசி?"

கொஞ்சம் யோசித்தார். "பெரிய கூடையைத் தூக்கிட்டு ரொம்ப தூரம் நடந்து வர்றே. யாரோ பின்னாலருந்து வந்து வாங்கிக்கிறாங்க. கை காலியாயிடுது. அப்புறம் பேசறது நான் இல்லை. என்ன பேசினேன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"தமிழ்ல பேசச் சொல்லிக் கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன். பதில் இல்லை. ஸ்கூல்ல பசங்க கேக்கிறதை வாத்தியார் காதுல வாங்காத மாதிரி ஆயிடுச்சு." செம்பை எடுத்துக்கொண்டார். "வாழ்நாள் பூரா என்கிட்ட வந்துச்சு, பேட்டி. இந்த வருஷம் கரகம் இல்லைன்னு ஆனா, அது எங்கே வரும்? என் வீடு தெரியும் அதுக்கு. வேற வீடு தெரியாதே."

மூன்றாம் வெள்ளி விடிந்ததிலிருந்து தூறல். கூழுக்குக் கேழ்வரகு ஏற்றிவந்த கப்பல் தாமதமாகி, நொய்க்கஞ்சிதான் அந்த வருஷம். மதியம் மூன்று மணிக்கு மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். முன்னூறு பேர் இருப்போம். கடல் வற்றிப் பாறைகள் தெரிந்தன. பூசாரி சிவஞானம் ஈர மணலில் குடத்தை வைத்து, தேடிப் பிடித்துக் கொண்டுவந்த வேப்பிலையையும் செம்பருத்தியையும் சுற்றிக் கட்டினார். சேலத்துக்காரர், கோயிலுக்கென்று வரவழைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான ஆள், ஆனால் முறை விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

உடுக்கை ஒலித்தது. புஷ்பம் மௌசி மஞ்சள் புடவையில் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடினார். உடம்பு ஆடத் தொடங்கியது. இதற்கு முன்பு ஒருநாளும் அவர் ஆடிப் பார்த்ததில்லை நாங்கள். அம்மன் வந்தால் அவர் அசையாமல் நிற்பார்.

"அடேய் மக்கா! ஆரு வந்திருக்கான்னு நெனச்சீங்கடா!"

கூட்டம் அப்படியே அதிர்ந்து குலவையிட்டது. ராமநாதபுரத்துப் பெண்கள் தரையில் விழுந்தார்கள். "ஏழு கடலுக்கு அந்தாண்ட வந்தா மறந்துபுடுவீகளோ!" ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் என் உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் அப்படித்தான்.

நான் உதயசூரியன் சாரைப் பார்த்தேன். சாமி இல்லை என்று மேடையில் பேசிய மனிதர். இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் குவிந்திருந்தது. கன்னத்தில் வழிந்தது மழை இல்லை. அவர் கேட்ட மாதிரியே, கேட்ட மொழியில், இந்தக் கடலுக்கு நடுவே வந்து ஒருத்தி பேசுகிறாள். அம்மா சொல்ல நான் எழுதிய வரி அது. அவர் அழுவதைப் பார்க்க எனக்குக் கூசியது.

"தாயே!" குரல் உடைந்து கேட்டார். "தாயே, கரகத்தை யார் எடுக்கணும்? நீயே சொல்லு!"

மௌசி வாயைத் திறந்தார். கடைசி வரி. ஆட்டம் மெதுவானது, நின்றது. கண்ணைத் திறந்து, கைகூப்பி நின்ற சாரைப் பார்த்தார்.

"இல்லை, பாபுஜி," என்றார், பால் ஊற்றும் குரலில். "மாதா வரலை. இது நான்."

உடுக்கை நின்றது.

"என்ன?"

"நீங்க கேட்ட தமிழைக் குடுத்துட்டேன். மாதாவைக் குடுக்க என்னால ஆகலை. மாஃப் கர்னா, மன்னிச்சுடுங்க."

உதயசூரியன் சார் கையை இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகம் கறுத்துவிட்டது. "யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

மௌசி குனிந்து மணலைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், அதனால் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். "பாதி என்னோடது," என்றாள்.

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். உதயசூரியன் சார் என்னைப் பார்த்தார். பத்திரிகை கொடுத்தனுப்பியவர். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, மனைவி பக்கம் திரும்பினார். "ஜெயா, நீ எடு."

ஜெயலட்சுமி அக்கா துணிச் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடத்தருகே வந்தார். சிவஞானம் குறுக்கே நின்றார்.

"உத்தரவு ஆகலைங்க சார்."

"தலைவர் நான் சொல்றேன்."

"நீங்க கமிட்டிக்குத் தலைவர். கொடத்துக்கு இல்லைங்களே. யாரு மேல வந்தாலும் சரி, வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். தூக்கிடலாம்."

அதன் பிறகு காத்திருந்தோம். பூசாரி உடுக்கை அடித்தார், நிறுத்தினார், மறுபடி அடித்தார். ஜெயலட்சுமி அக்கா கண்ணை மூடி நின்றார். "மனசை ஒருநிலைப்படுத்து" என்று சார் காதருகே சொல்வது எங்களுக்கும் கேட்டது. "ஒருநிலையாத்தாங்க இருக்கு. யாரும் வரலையே, நான் என்ன பண்ண?" என்றார் அக்கா. மழை கனத்தது. குழந்தைகள் பசி என்றன. யாரும் மேட்டுக்குத் திரும்பவில்லை. முன்னூறு பேரும் ஒரு குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் இருந்தது அரைக் குடம் தண்ணீரும் இலையும். ஆனால் அதை எவராலும் தன்னிஷ்டத்துக்குத் தூக்க முடியவில்லை. பணம் இருந்தவராலும் முடியவில்லை, பதவி இருந்தவராலும் முடியவில்லை. புனிதம் என்று எதையாவது நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு அலை வந்து குடத்தின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. சிவஞானம் குடத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். நகர்த்தவில்லை.

புஷ்பம் மௌசி கூட்டத்தை விட்டு விலகி ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் கண்டேன். பிழிந்த கை பாதியில் நின்றது. தோள் இரண்டும் இறங்கின, யாரோ கூடையை வாங்கிக்கொண்ட மாதிரி. எழுந்தார். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு அது கேட்கவில்லை. ஆட்கள் தாமாக விலகி வழி விட்டார்கள். குடத்துக்கு முன்னால் வந்து நின்று எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்ப்பது போல இருந்தது.

"சலோ, பேட்டா," என்றார். மௌசியின் குரலைவிடத் தாழ்ந்த குரல். "பானி ஆ ரஹா ஹை."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வாங்க, தண்ணி ஏறுது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். என் அம்மா, திட்டினால்தான் நம்புவார்கள் என்று சொன்னவள், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சிவஞானம் யாரையும் கேட்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் கரகத்தைத் தூக்கி மௌசியின் தலையில் வைத்தார்.

"சிவஞானம்!" என்றார் உதயசூரியன் சார். "தமிழ்ல வந்தாத்தான் உத்தரவுன்னு தீர்மானம்."

"நான் வந்து நாலு மாசம்தாங்க ஆச்சு, சார்," என்றார் பூசாரி. "எனக்கே புரிஞ்சுதுங்க." உடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரகத்துக்கு முன்னால் நடந்தார்.

கூட்டம் நகர்ந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் போனார்கள், ராமநாதபுரத்தார் போனார்கள், கமிட்டி ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். உதயசூரியன் சார் அசையவில்லை. தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றி ஏறியிருந்தது. "ஜெயா, நாம வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

ஜெயலட்சுமி அக்கா கையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து, தண்ணீர் போக உதறி, நாலாக மடித்தார். அதை அவர் கையில் வைத்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கரகத்தின் பின்னால் மேட்டுப் பாதையில் ஏறிப் போனார்.